ஆறரை இலக்கமா, ஆறு மேசையா?



எங்கட பழைய மாணவர் வட்ஸ்அப் குழுவில் நாலு நாளாக ஒரு வாக்குவாதம் ஓடுகிறது. அங்கே துண்டு துண்டாகப் பதில் போட்டு முடிவதாக இல்லை, அதனால் இங்கே முழுதாக எழுதுகிறேன். வேறு பாடசாலைகளில் பௌதிகவியலும் தொழினுட்பவியலும் படிப்பிக்கிற ஆசிரியர்களுக்கும் பிரயோசனப்படலாம்.

விடயம் இதுதான். கட்டாரில் வேலை செய்கிற நமது பழைய மாணவர்கள் சிலர், உயர்தர ஆய்வுகூடத்துக்கு ஒரு பெஞ்ச் மல்டிமீற்றர் வாங்கித் தருவதற்குக் காசு சேர்த்திருக்கிறார்கள். மேசையில் வைத்துப் பாவிக்கிற, கணினியோடு இணைக்கக்கூடிய, துல்லியமான பல்மானி. அவர்கள் விரும்புவது ஆறரை இலக்க மீற்றர் ஒன்று. "வாங்கினால் ஆகத் திறமானதை வாங்குவோம், நம்மட பிள்ளைகளுக்குக் குறை வைக்கக் கூடாது" என்பது அவர்களின் நிய்யத். அல்லாஹ் பொருந்திக்கொள்ளட்டும். ஆனால் அந்தக் காசுக்கு ஆறரை இலக்கம் வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து. ஏன் என்று கணக்கோடு சொல்கிறேன்.

கடைக்காரரும் யூடியூப்காரரும் இலக்கத்தைச் சொல்லித்தான் மீற்றர் விற்கிறார்கள். ஆறரை இலக்கம் என்றால் திரையில் ஏழு எண்கள். முதலாவது இடத்தில் 0 அல்லது 1 மட்டும்தான் வரும், அதைத்தான் அரை என்கிறோம். இந்தப் பிரிவில் எல்லோரும் ஒப்பிட்டுப் பேசுகிற மீற்றர் எச்.பி. 34401ஏ. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வந்தது. கம்பனிப் பெயர் அஜிலன்ட், கீசைட் என்று மாறிய பிறகும் இருபது வருடங்களுக்கு மேல் விற்பனையில் இருந்தது. அதன் 10 வோல்ற்று வீச்சில் கடைசி எண் 10 மைக்ரோவோல்ற்றைக் காட்டும். சரி, அந்தக் கடைசி எண்ணை நம்பலாமா? விபரத்தாளைப் பாருங்கள். ஒரு வருடத்துக்கான துல்லியம் வாசிப்பில் 0.0035 வீதம், அதோடு வீச்சில் 0.0005 வீதம். 5 வோல்ற்றை அளந்தால் 175 மைக்ரோவோல்ற்றும் 50 மைக்ரோவோல்ற்றும் சேர்ந்து 225. கடைசி எண் இருபத்திரண்டு படி முன்னே பின்னே இருக்கலாம் என்று செய்தவனே எழுதித் தருகிறான். பிரிதிறன் வேறு, துல்லியம் வேறு. இந்த வித்தியாசத்தைப் பத்தாம் ஆண்டுப் பிள்ளைக்குப் படிப்பிக்கிற நாமே கொள்வனவு செய்யும்போது அதை மறந்து விடுகிறோம்.

இதுவும் நல்ல ஆய்வுகூடத்தில் கிடைக்கிற கணக்கு. விபரத்தாளின் அடியில் சின்ன எழுத்தில் இரண்டு நிபந்தனைகள் இருக்கும். ஒன்று, அறை வெப்பநிலை 18 இலிருந்து 28 பாகை செல்சியசுக்குள் இருக்க வேண்டும். நம்மட ஆய்வுகூடத்தில் கச்சான் காற்று அடிக்கிற ஓகஸ்ட் மாதப் பின்னேரம் 33 பாகை சாதாரணம். வெளியே போகிற ஒவ்வொரு பாகைக்கும் வாசிப்பில் 0.0005 வீதம், வீச்சில் 0.0001 வீதம் கூட்ட வேண்டும். ஐந்து பாகைக்கு அதே 5 வோல்ற்றில் இன்னும் 175 மைக்ரோவோல்ற்று. மொத்தம் 400. மற்ற நிபந்தனை, மீற்றரைப் போட்டு ஒரு மணித்தியாலம் சூடாக விட வேண்டும். உள்ளே இருக்கிற எல்.எம். 399 என்ற ஒப்பீட்டுச் சில்லு தனக்குள்ளேயே சின்ன அடுப்பு ஒன்றை வைத்துத் தன் சூட்டை நிலையாகப் பிடித்திருக்கும். அதுவும் அதைச் சுற்றியுள்ள பாகங்களும் அமைதிக்கு வர நேரம் வேண்டும். நமது ஒரு பாடவேளை 40 நிமிடம். மீற்றர் தயாராகும்போது பிள்ளைகள் அடுத்த பாடத்துக்குப் போயிருப்பார்கள்.

ஆகவே ஏ.சி. இல்லாத அறையில், 40 நிமிட வகுப்பில், நாலாவது ஐந்தாவது இலக்கத்துக்கு மேல் நாம் கொடுக்கிற காசு பெரும்பாலும் திரையில் எண் ஓடுவதைப் பார்ப்பதற்குத்தான்.

அப்படியென்றால் எதைப் பார்த்து வாங்குவது? முதலில் பெட்டிக்குள் இருப்பதைப் பார்க்க வேண்டும். என் கண்ணில் முதலாவது இடம் உள்ளீட்டுத் தடைக்கு. கொள்ளளவி மின்னிறக்கம் எல்லாப் பாடசாலையிலும் செய்கிற செய்முறை. 100 மைக்ரோபரட் கொள்ளளவியை 1 மெகா ஓம் தடையியினூடாக மின்னிறக்கினால் நேர மாறிலி 100 செக்கன் வர வேண்டும். ஆனால் அழுத்தத்தை அளக்க நாம் இணைக்கிற மீற்றருக்குள்ளேயே 10 மெகா ஓம் இருக்கிறது. அது சமாந்தரமாக விழ, 1 மெகா ஓம் 909 கிலோ ஓமாகிவிடும். விடை 91 செக்கன். ஒன்பது வீதப் பிழை. ஏழு எண் காட்டினாலும் சரி, மூன்று எண் காட்டினாலும் சரி, பிழை அதே ஒன்பது வீதம்தான். நல்ல பெஞ்ச் மீற்றர்களில் சிறிய வீச்சுகளுக்கு உள்ளீட்டுத் தடையை 10 கிகா ஓமுக்கு மேல் மாற்றுகிற வசதி உண்டு. 34401ஏ இல் 10 வோல்ற்று வீச்சு வரை அப்படி மாற்றலாம். இது இல்லாத மீற்றர் என்றாலும் பரவாயில்லை, 1 மெகா ஓமுக்குப் பதில் 100 கிலோ ஓமும் 1000 மைக்ரோபரட்டும் போட்டால் பிழை ஒரு வீதத்துக்கு இறங்கிவிடும். அதையே ஒரு பாடமாகவும் நடத்தலாம். ஆனால் வாங்குகிறவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும். எங்களுக்கு வந்த விலைமனு ஒன்றில் "6.5 இலக்கம், சிறந்த தரம்" என்று மட்டும் எழுதியிருந்தது, மொடல் இலக்கம் கூட இல்லை. அதைக் கொடுத்தவர் யார் என்று நான் இங்கே எழுதப் போவதில்லை.

இரண்டாவது, நாலு கம்பி முறையில் தடை அளக்கிற வசதி. தடையின் வெப்பநிலைக் குணகத்தை மீற்றர் பாலத்தை வைத்துச் செய்கிறோம். 30 பாகையில் 5 ஓம் இருக்கிற செப்புச் சுருள் 80 பாகையில் ஏறத்தாழ 5.9 ஓம். இந்த 0.9 ஓம்தான் முழுச் செய்முறையும். சாதாரண மீற்றரின் இரண்டு கம்பிகளே 0.2 ஓம் தின்றுவிடும், முனையை அழுத்திப் பிடிக்கிற கைக்கு ஏற்ப அதுவும் ஆடும். நாலு கம்பி முறையில் இரண்டு கம்பி மின்னோட்டத்தைக் கொண்டு போகும், மற்ற இரண்டும் சுருளின் இரு முனையிலும் அழுத்தத்தை மட்டும் பார்க்கும். கம்பியின் தடை கணக்கிலிருந்து விலகிவிடும். ஐந்தரை இலக்கத்திலும் இந்த வசதி இருக்கிறது. மீற்றர் பாலத்தைத் தூக்கி எறியச் சொல்லவில்லை, பரீட்சைக்கு அது வேண்டும். பாலத்தில் வந்த விடையைச் சரிபார்க்க இது வேண்டும் என்கிறேன்.

மூன்றாவது பியூஸ். யாரும் பேசாத விடயம், ஆனால் பாடசாலையில் மீற்றர் சாகிறது இதனால்தான். பிள்ளை மின்னோட்டம் அளந்துவிட்டு, கம்பியை அதே துளையில் விட்டபடியே பற்றரியின் இரு முனையிலும் வைக்கும். எத்தனை தடவை சொன்னாலும் வருடத்தில் ஐந்தாறு முறை நடக்கும். பிள்ளை என்றால் அப்படித்தான், அதற்காகத்தான் பியூஸ் இருக்கிறது. சில மீற்றரில் அதை வெளியிலிருந்தே கழற்றி மாற்றலாம், சிலதில் மூடியைத் திறக்க வேண்டும். திறந்தால் உத்தரவாதம் போய்விடும் என்று ஒட்டி வைத்திருப்பார்கள். பியூஸ் எந்த அளவு, இலங்கையில் கிடைக்குமா, பத்து மேலதிகமாகத் தருவீர்களா என்று கேட்காமல் காசு கொடுக்கக் கூடாது. அதோடு, பெஞ்ச் மீற்றர்கள் பலவற்றின் பாதுகாப்புத் தரம் இரண்டாம் வகை 300 வோல்ற்று வரைதான். மேசைக்கு வருகிற 230 வோல்ற்றுக்குப் போதும். வீட்டு மெயின் சுவிட்சுக்கு, விநியோகப் பெட்டிக்கு அதைக் கொண்டு போகக் கூடாது. தொழினுட்பவியல் பிரிவு ஆசிரியர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இனிப் பதிவு செய்யும் வசதி. என்னைக் கேட்டால் பெஞ்ச் மீற்றர் வாங்குவதற்குப் பாடசாலைக்கு இருக்கிற ஒரே நியாயமான காரணம் இதுதான். எண்ணைப் பார்க்க மட்டும் என்றால் கையடக்க மீற்றரே போதும்.

நியூற்றனின் குளிரல் விதியை எடுங்கள். ஒருவர் மணிக்கூட்டைப் பார்ப்பார், ஒருவர் வெப்பமானியைப் பார்ப்பார், ஒருவர் எழுதுவார். நிமிடத்துக்கு ஒன்றென இருபது முப்பது புள்ளிகள். கே வகை வெப்பவிணை பாகைக்கு ஏறத்தாழ 41 மைக்ரோவோல்ற்று தரும். 1 மைக்ரோவோல்ற்றைப் பிரித்துக் காட்டுகிற மீற்றர் ஒன்று இருந்தால் செக்கனுக்கு ஒரு வாசிப்பு, 40 நிமிடத்துக்கு 2400 புள்ளிகள். வளைகோடு தானாகத் திரையில் விழும். பிள்ளை எழுதுவதை விட்டுவிட்டுப் பார்க்கத் தொடங்கும். யன்னலைத் திறந்த இடத்தில் வளைகோடு முறிவதையும், விசிறியைப் போட்ட இடத்தில் சாய்வு கூடுவதையும் பார்த்துக் கேள்வி கேட்கும். அந்தக் கேள்விக்காகத்தான் நான் இவ்வளவு எழுதுகிறேன்.

ஆனால் "பதிவு வசதி உண்டு" என்ற ஒற்றை வரியை நம்ப முடியாது. உள்நினைவகம் எவ்வளவு? பெயர் போன 34401ஏ இன் நினைவகத்தில் 512 வாசிப்புகள்தான் நிற்கும். செக்கனுக்கு ஒன்றென்றால் எட்டரை நிமிடத்தில் நிரம்பிவிடும், மின்சாரம் போனால் அதுவும் போய்விடும். 2022 இல் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டு அனுபவித்த நாட்டில், மின் போனால் பதிவு நிற்குமா என்பது முதல் கேள்வியாக இருக்க வேண்டும். பெஞ்ச் மீற்றருக்குப் பொதுவாக பற்றரி இல்லை. லெப்டொப்புக்குச் செக்கனுக்குச் செக்கன் அனுப்பி அங்கே எழுதிக்கொண்டால், மீற்றர் நின்றாலும் அதுவரை வந்தது கையில் இருக்கும். அடுத்தது, பதிவுக் கோப்பில் ஒவ்வொரு வாசிப்புக்கும் நேரம் இருக்கிறதா, வெறும் எண் மட்டுமா? நேரம் இல்லாத எண் வரைபுக்கு உதவாது. மீற்றர் தானாக வீச்சை மாற்றுகிற நிலையில் பதிவு செய்தால், மாறுகிற கணத்தில் இடைவெளி விழும். வீச்சைப் பூட்டி வைக்க முடிய வேண்டும்.

அளக்கிற நேரத்தையும் பார்க்க வேண்டும். நமது மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், ஒரு சுற்று 20 மில்லிசெக்கன். மீற்றர் 20 மில்லிசெக்கனின் முழு மடங்குகளில் சராசரி எடுத்தால், மின்குமிழும் விசிறியும் கம்பியில் ஏற்றுகிற இரைச்சல் தன்னைத் தானே வெட்டிக்கொள்ளும். அமெரிக்காவில் பாவித்த பழைய மீற்றர் 60 ஹேர்ட்ஸுக்கு, அதாவது 16.67 மில்லிசெக்கனுக்கு வைக்கப்பட்டிருந்தால் கடைசி எண்கள் ஆடிக்கொண்டே இருக்கும். பிள்ளை மீற்றர் பழுது என்று நினைக்கும்.

எல்லாவற்றையும் விடப் பெரியது, எண் எந்த வழியால் வெளியே வருகிறது என்பது. பழைய பெரிய மீற்றர்களில் ஜி.பி.ஐ.பி. என்ற தடித்த இணைப்பு இருக்கும். எழுபதுகளிலேயே நியமமாகிவிட்ட நல்ல முறை, ஆனால் அதற்கான மாற்றியின் விலைக்கு இன்னொரு சின்ன மீற்றர் வாங்கலாம். நமக்கு வேண்டியது யூ.எஸ்.பி. அல்லது லான், அதோடு எஸ்.சி.பி.ஐ. எனப்படும் எழுத்துக் கட்டளைகளை மீற்றர் விளங்கிக்கொள்ள வேண்டும். 1990 இல் வந்த பொது முறை அது. "வோல்ற்றளவை அளந்து சொல்" என்று ஒரு வரி அனுப்பினால் ஒரு எண் திரும்பி வரும், அவ்வளவுதான். உயர்தரத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்தில் நம் பிள்ளைகள் பைதன் படிக்கிறார்கள். பத்துப் பதினைந்து வரியில் ஒரு பிள்ளை பதிவு மென்பொருளை எழுதிவிடும். அதற்கு மாறாக, கம்பனியின் இறுவட்டில் வருகிற, ஒரு குறிப்பிட்ட விண்டோஸில் மட்டும் ஓடுகிற மென்பொருளை நம்பி வாங்கினால், லெப்டொப் மாறுகிற அன்றைக்கு மீற்றர் வெறும் திரையாகிவிடும்.

இந்த இடத்தில் மனதில் கிடக்கிற ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். உயர்தரச் செய்முறைப் புத்தகங்களைத் திருத்துகிற எல்லா ஆசிரியருக்கும் தெரியும், பாதி வாசிப்புகள் போன வருட மாணவரின் புத்தகத்திலிருந்து வந்தவை. மற்றப் பாதியில் சில, விடையிலிருந்து பின்னோக்கிக் கணித்தவை. புள்ளி எல்லாம் நேர்கோட்டில் அழகாக நிற்கும். பிள்ளைகளை மட்டும் குறை சொல்ல மாட்டேன். இருபத்தைந்து பேருக்கு ஒரு கருவி, அதுவும் அலுமாரிக்குள். வேறு எப்படி நடக்கும்? அளவையில் மோசடி செய்பவர்களின் பெயரிலேயே ஒரு சூரா இருக்கிற சமூகம் நாங்கள். கடைத் தராசைப் பற்றி ஜும்ஆவில் பயான் கேட்கிறோம், செய்முறைப் புத்தகத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. மீற்றர் எழுதிய கோப்பில் 2400 புள்ளிகளும் நேரமும் இருக்கும். அதைக் கையால் சோடித்து எழுதுவதை விடச் செய்முறையைச் செய்வது லேசு.

அலுமாரி என்று சொன்னேன். ஆறரை இலக்கம் வேண்டாம் என்பதற்கு என் பிரதான காரணமே அதுதான். விலை கூடிய ஒரே ஒரு கருவி வந்தால் அது பொருட்பதிவேட்டில் ஏறும், திறப்பு விழா நடக்கும், படம் எடுப்போம். பிறகு வருடாந்தக் கணக்கெடுப்பில் அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் அதைப் பூட்டி வைப்பார். அவரிலும் குற்றமில்லை, உடைந்தால் அவர்தான் கட்ட வேண்டும். பூட்டிய மீற்றரின் துல்லியத்தை வைத்து என்ன செய்வது?

குழுவில் ஒரு தம்பி நல்ல எதிர்வாதம் வைத்தார். அவர் கட்டாரில் கருவித் திருத்தப் பிரிவில் வேலை செய்கிறவர். "சேர், நம்மட பிள்ளைகள் இங்கே வரும்போது 34401ஏ யையோ அதற்கு அடுத்து வந்த 34461ஏ யையோ முதன்முதலாகப் பார்த்து முழிக்கிறார்கள். ஒரு தரம் கையால் தொட்டிருந்தால் நேர்முகத் தேர்வில் தைரியம் வரும்" என்றார். இதை நான் தள்ளிவிட முடியாது. ஆனால் எஸ்.சி.பி.ஐ. கட்டளை எல்லாவற்றிலும் ஏறத்தாழ ஒன்றுதான், நாலு கம்பி முறை ஒன்றுதான், விபரத்தாளை வாசிக்கிற முறை ஒன்றுதான். இவற்றைப் பழகிய பிள்ளைக்கு எந்த மீற்றரிலும் பொத்தான் தேட அரை நாள் போதும். பாவித்த 34401ஏ ஒன்றை அனுப்பலாமா என்றும் கேட்டார். இலவசமாக என்றால் சந்தோசமாக எடுப்போம். திரை மங்கியிருக்கிறதா என்று போட்டுப் பாருங்கள், பழைய திரைகளுக்கு அந்த வியாதி உண்டு. பின்பக்கத்தில் மின்னழுத்தத் தெரிவு 120 இல் இருந்தால் 240 க்கு மாற்றாமல் சுவரில் செருக வேண்டாம். காசு கொடுத்து வாங்குவதற்கு மட்டும் நான் ஆதரவில்லை.

என் யோசனை: ஐந்தரை இலக்க மீற்றர் ஒன்று, சிக்லன்ட் எஸ்.டி.எம். 3055 போன்றது. 240,000 எண்ணிக்கை, நேரோட்ட வோல்ற்றில் 0.015 வீதம், யூ.எஸ்.பி.யும் லானும் உண்டு. இது முன் மேசைக்கு. மிச்சக் காசுக்கு ஓவன் எக்ஸ்.டி.எம். 1041 போன்ற சின்ன மேசை மீற்றர்கள் ஐந்து. 55,000 எண்ணிக்கை, 0.05 வீதம், யூ.எஸ்.பி.யால் எழுத்துக் கட்டளை கேட்கும். 5 வோல்ற்றில் 0.05 வீதம் என்றால் 2.5 மில்லிவோல்ற்று, உயர்தரச் செய்முறை எதற்கும் இது தாராளம். ஆறு மேசைக்கு ஆறு மீற்றர் ஆகிவிடும், ஒன்று போனால் ஐந்து மிஞ்சும். ஆறரை இலக்கத்துக்குக் கேட்கிற விலைக்குள் இது அடங்கும். ஏ.டி. 584 சில்லு வைத்த ஒரு சின்ன ஒப்பீட்டுப் பலகையும் வேண்டும், 2.5, 5, 7.5, 10 வோல்ற்று தரும். ஒவ்வொரு தவணையும் பிள்ளைகளே ஆறு மீற்றரையும் அதோடு வைத்துப் பார்த்துப் பதிவேட்டில் எழுதட்டும். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு முறை முன் மேசை மீற்றரை மட்டும் அளவுத்திருத்தத்துக்குக் கொடுக்கலாம். அளவீட்டு அலகுகள், நியமங்கள், சேவைகள் திணைக்களம் ஹோமாகமவில் இருக்கிறது. பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போனால் இந்நாட்டின் வோல்ற்று எங்கிருந்து வருகிறது என்று பார்த்து வருவார்கள். அந்தச் செலவுக்கும் பியூஸுக்கும் இப்போதே ஒரு தொகையை ஒதுக்கி வைக்க வேண்டும். சேர்த்திருப்பது வெயிலில் நின்று உழைத்தவர்களின் காசு, அமானிதம். முழுவதையும் ஒரே பெட்டியில் போட்டுவிட்டு, பியூஸ் வாங்க மறுபடியும் அவர்களிடம் கை நீட்ட எனக்கு மனமில்லை.

சனிக்கிழமை அஸருக்குப் பிறகு பாடசாலையில் கூட்டம். என்னுடைய சின்ன மீற்றரையும் வெப்பவிணையையும் லெப்டொப்பையும் கொண்டு வருகிறேன். முதலாவது கோப்பை பிளேன்டீயை யாரும் குடிக்க வேண்டாம், அது ஆறுவதைக் கூட்டம் முடியும் வரை பதிவு செய்து கோப்பைக் குழுவில் போடுவோம். கட்டாரில் இருக்கிற தம்பிமார் அதைத் திறந்து பார்த்துவிட்டு, பிறகு வாக்களிக்கட்டும்.